விதைப் பரிசோதனை: நீங்களே செய்யலாம்

ஜனவரி 20, திங்கள்

திருவேங்கடம் சார் இன்று என்னை விழிப்புணர்வுத் தொண்டனாக நியமித்துவிட்டார். நான் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

சார் எங்கள் வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை அறிவியல் பேராசிரியர். கூடவே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். போன மாதம் ஹெல்மெட் விழிப்புணர்வு நடத்தினார். ஊர்வலத்தின் முன்னால் பைக்கில் போன சார், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தார். போட்டோவில் முகம் தெரிய வேண்டுமே. அறிக்கையில் ‘பயனடைந்தோர்: 600’ என்று எழுதினார். எங்கள் வளாகத்தில் படிப்பவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். மீதிப் பேர் வழியில் நின்ற மாடுகளாக இருக்கலாம்.

பிப்ரவரி நான்கு உலகப் புற்றுநோய் தினம். “உச்சிமாகாளி, நீ தமிழ் நல்லா எழுதுவ. சர்வே, நோட்டீசு, பேனரு எல்லாம் உன் பொறுப்பு” என்றார். எனக்குத் துணை என் வகுப்பு ஹாஜிரா. மேலப்பாளையத்துக்காரி. ஒரு வேலையைக் கொடுத்தால் செய்துவிடுவாள் என்ற கெட்ட பெயர் அவளுக்கு உண்டு.

தொண்டர்கள் தினமும் குறிப்பெழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அது வேறு நோட்டு. இது உரக் கம்பெனி இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறது. இன்றைய குறிப்பு: ‘வயலைத் தினமும் ஒரு முறை சுற்றிப் பார்க்கவும்.’ இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் உண்மையை இதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.

பொங்கல் லீவில் சங்கரன்கோவிலில் கிரிக்கெட் ஆடும்போது, பந்து படக் கூடாத இடத்தில் பட்டது. அன்றைக்குத் துடித்துவிட்டேன். இப்போது இடது பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான். வலி துளியும் இல்லை. வலி இல்லாததால் இது எழுத வேண்டிய விஷயமே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

சர்வே படிவம் தயார். சார் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தார். ‘மார்பகம்’ என்று இருந்த இடமெல்லாம் ‘மேல் பகுதி’ ஆனது. ‘கருப்பை வாய்’ என்பது ‘அடி வயிறு’ ஆனது. ‘மலக்குடல்’ இருந்த கேள்வியே காணாமல் போனது.

ஹாஜிரா கேட்டாள்: “சார், இனி உடம்புல என்ன மிச்சம் இருக்கு?”

“நுரையீரல் இருக்கும்மா. நாக்கு இருக்கு. டீசன்டான உறுப்பு எவ்வளவோ இருக்கு.”

ஜனவரி 24, வெள்ளி

வலி இல்லை.

ஜனவரி 27, திங்கள்

இருநூறு படிவங்களையும் எண்ணி முடித்தோம். நாளைய விவசாய விஞ்ஞானிகளின் அறிவு வருமாறு.

புற்றுநோய் எதனால் வருகிறது? பிராய்லர் கோழி என்று ஐம்பத்தெட்டுப் பேர். செல்போன் டவர் என்று நாற்பது பேர். முன்வினை என்று ஏழு பேர். ஒரு மகான், ‘கடக ராசிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறான். கடகத்துக்கு ஆங்கிலத்தில் கேன்சர் என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் அவனுக்கு எப்போதுமே நல்ல மார்க்.

புகையிலையால் புற்றுநோய் வருமா என்பதற்கு மட்டும் இருநூறு பேரும் ‘ஆம்’. என் அறைத் தோழன் ராபின்ஸ்டனும் ‘ஆம்’ என்று டிக் அடித்தான். தூத்துக்குடிக்காரன். டிக் அடித்த நேரத்தில் அவன் கீழுதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. விழிப்புணர்வு நூற்றுக்கு நூறு.

பதினான்காவது கேள்வி ஹாஜிரா சேர்த்தது: ‘இருபது வயது ஆண்களுக்கு வரக்கூடிய புற்றுநோய் ஒன்றைக் குறிப்பிடுக.’ ஒருவனும் சரியாக எழுதவில்லை. எனக்கும் தெரியவில்லை. சரியான விடை என்னவென்று அவளிடம் கேட்டேன். “டாக்டர் வந்து சொல்லுவாங்க” என்றாள். பிறகு நானே போனில் தேடிப் பார்த்தேன். தேடியதை உடனே அழித்தும்விட்டேன்.

கெட்டியாக இருப்பது பந்து பட்டதால். இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 29, புதன்

சிறப்புரைக்கு வருபவர் டாக்டர் ஹெப்சிபா. புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர். தலைப்புக் கேட்கப் போன் செய்தேன்.

“விதைப்பைப் புற்றுநோய். போட்டுக்கோங்க தம்பி. பசங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க. பொண்ணுங்களுக்காவது நாலு பேர் சொல்றாங்க, பசங்களுக்கு ஒருத்தரும் சொல்றதில்ல. தாங்களே எப்படிப் பரிசோதிச்சுக்கலாம்னு காட்டுறேன்.”

அவர் அதைப் பேருந்து நிறுத்தத்தின் பெயர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் எழுதினேன்: ‘விதைப்பைப் புற்றுநோய் - சுயபரிசோதனை: நீங்களே செய்யலாம்.’ எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது இருபதடிப் பேனராக, என் கைவண்ணமாக, பெண்கள் விடுதிக்கு எதிரே தொங்கும். ‘பை’ தான் உறுத்தியது. அதை எடுத்தேன். ‘விதைப் புற்றுநோய்.’ இப்போது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

சாரிடம் நீட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. “அடடே! விதை நேர்த்தி மருந்தால வர்ற புற்றுநோயா? நம்ம துறைக்கே ஏத்த தலைப்பு! அதைப் பத்தித்தான பேசுறாங்க?”

இந்த இடத்தில் நான் ‘இல்லை சார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த விதை என்று விளக்கியிருக்க வேண்டும். “ஆமா சார்” என்றேன்.

பிப்ரவரி 1, சனி

பேனர் வந்துவிட்டது. ‘புற்றுநோய்’ என்ற சொல் வாசலில் தொங்குவது அமங்கலம் என்று சார் அதையும் வெட்டியிருக்கிறார். இப்போது பேனர் சொல்வது இது:

‘உலக பு.நோ. தினச் சிறப்புரை. விதைப் பரிசோதனை: நீங்களே செய்யலாம்! அனைவரும் வருக!’

ஹாஜிரா பேனரை இரண்டு தடவை படித்தாள். “‘பை’ எங்க?”

“இடம் பத்தல.”

“இருபது அடி பேனர்ல ஓர் எழுத்துக்கு இடம் பத்தலையா?” என்றாள். நான் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

வலி இல்லை. அளவும் மாறவில்லை. கொஞ்சம் மாறியிருக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

விதைப் பரிசோதனையைப் போன செமஸ்டரிலேயே ஆய்வகத்தில் செய்து ரெக்கார்ட் நோட்டும் எழுதிவிட்ட மாணவர்கள், அதை இன்னொரு தடவை கேட்க வரவில்லை. வந்தவர்கள் பதினோரு பேர். அவர்களும் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஆனால் அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் விரிவாக்கத் துறை பேனரை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பூரித்துப்போய், சுற்று வட்டாரத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய விவசாயிகளை ஏற்றி வந்து இறக்கியிருந்தது. பலர் மடியில் உளுந்தும் பாசிப்பயறும் முடிந்து வைத்திருந்தார்கள். மேடையோரம் சார் முளைப்புத் தட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்.

டாக்டர் ஹெப்சிபா வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். முளைப்புத் தட்டுகளைப் பார்த்தார். பேனரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மைக்கைச் சரி செய்தேன்.

அவர் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே முன்வரிசைக்காரர் எழுந்துவிட்டார்: “அம்மா, முளைப்புத் திறன் எம்பது சதவீதம் இருந்தாப் போதுமா? எங்கூரு பக்கம் அறுவதைத் தாண்ட மாட்டேங்கு.”

டாக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குடித்தார், புரையேறியது. சிரித்துத் தீர்க்க அவருக்கு அரை நிமிடம் ஆனது. பிறகு மைக்கைப் பிடித்தார்.

“ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. நான் பேச வந்தது நீங்க மடியில முடிஞ்சு கொண்டுவந்த விதையைப் பத்தி இல்ல. நீங்க பொறந்ததுலேருந்து கூடவே கொண்டுக்கிட்டுத் திரியுற விதையைப் பத்தி.”

சார் மின்விசிறியைப் பார்த்தார். அதன் பிறகு விழா முடியும்வரை அவர் தலை கீழே இறங்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அப்ப கட்டாயம் கேக்கணும்லா. சொல்லுங்கம்மா!”

ஒருவரும் எழுந்து போகவில்லை. பிரியாணி பாக்கி இருந்தது ஒரு காரணம். ஆனால் உண்மையிலேயே கேட்டார்கள். “இது பெரியவங்களைவிட இருபது, முப்பது வயசுப் பசங்களுக்குத்தான் அதிகம் வரும். அரிதான நோய்தான். சீக்கிரம் வந்தா அநேகமாக் குணமாயிடும். உங்க வீட்டுப் பசங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றார் டாக்டர். மாணவர்களுக்கான கூட்டத்தில் மாணவர்களின் அப்பாக்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் சொன்னது இது: “கெட்டியா ஒரு கட்டி இருக்கும். வலிக்காது. அதுதான் இதுல கஷ்டம். வலிச்சா எல்லாரும் மறுநாளே வந்துடுவாங்க.”

நான் மேடையோரம் நின்றேன். முளைப்புத் தட்டில் எத்தனை பயறு முளைத்திருக்கிறது என்று எண்ணினேன். நாற்பத்தேழு.

பையிலிருந்து ரப்பர் மாதிரி ஒன்றை எடுத்தார். “இதுல ஒரு கட்டி இருக்கு. யாராவது ஒருத்தர் வந்து கண்டுபிடிங்க பாப்போம்.” பதினோரு மாணவர்களும் ஒரே நேரத்தில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார்கள். சார் மின்விசிறியைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி என்னைக் காட்டினார்.

கையில் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கத்தினால். விரல் தானாகப் போய் நின்றது. “இடது. அடியில, பின்பக்கம்.” இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது.

“மருத்துவக் கல்லூரிப் பசங்களே ஒரு நிமிஷம் தடவிக்கிட்டு நிப்பாங்க” என்றார் டாக்டர். அரங்கம் கைதட்டியது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் இதற்குத்தான். டாக்டர் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்பக் கார்வரை போனேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “எத்தனை நாளா இருக்கு தம்பி?”

“எது மேடம்?”

“வலி இருக்கா?”

“இல்ல மேடம்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

“திங்கக்கிழமை ஓ.பி.யில இருப்பேன். வாங்க” என்றார். கார் போய்விட்டது. நான் திரும்பி வந்து பிரியாணி பரிமாறினேன்.

பிப்ரவரி 5, புதன்

நிலக்கடலைப் பாத்தியில் களை எடுத்தேன். ரெக்கார்ட் நோட்டு முடித்தேன். மூன்று மாதமாகத் துவைக்காத போர்வையைத் துவைத்தேன். இவ்வளவு பொறுப்பான நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

திங்கட்கிழமை போக முடியாது. பூச்சியியல் தேர்வு இருக்கிறது. தேர்வு அதற்கடுத்த வாரம்தான், ஆனால் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

அம்மா போன் செய்தாள். அப்பா காலமான பிறகு தினமும் செய்கிறாள். சாப்பாடு, தூக்கம், தலைக்கு எண்ணெய் எல்லாம் விசாரித்தாள். “வேற ஒண்ணும் இல்லல்லா?” என்றாள். “ஒண்ணும் இல்ல” என்றேன்.

இருநூறு பேரின் அறியாமையை எண்ணிக் கட்டம் போட்டுச் சிரித்தவன் நான். அவர்களுக்குத் தெரியாது, அதனால் போகமாட்டார்கள். எனக்குத் தெரியும், போகாமல் இருக்கிறேன். எனக்கு இருபத்தொரு வயது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இன்றைய வேளாண் குறிப்பு என்ன என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏல உச்சி, கொசுவத்தி வைக்க டைரிய எடுத்தேன். தப்புதான். எல்லாத்தையும் படிச்சிட்டேன். என் பொட்டலத்தைப் பத்தி எழுதுனதுக்கு ஒன்னயப் பெறகு பேசிக்கிடுதேன். நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ்ஸு. நானும் வாரேன். கெளம்பலன்னா இந்த டைரிய அப்படியே ஹாஜிராட்ட குடுத்துருவேன், அவ ஒன்னயத் தூக்கிட்டுப் போயிருவா. - ராபின்

பிப்ரவரி 10, திங்கள்

மிரட்டலுக்குப் பணிந்து போனேன்.

ஓ.பி. சீட்டு வரிசையில் முப்பது பேர். எனக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. கவுண்டரில் இருந்த அக்கா தலை நிமிராமல் கேட்டார்: “பேரு? வயசு? என்ன பிரச்சின?”

“விதை...” என்றேன். மிச்சம் வரவில்லை.

அவர் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தார். சட்டை முதுகிலும் மார்பிலும் ‘வேளாண் பல்கலைக்கழகம்’ என்று எழுதியிருந்தது. “விதை குடுக்குற ஆபீஸு அடுத்த காம்பவுண்டு தம்பி. இது ஆஸ்பத்திரி. அடுத்த ஆளு வாங்க.”

ராபின் பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்துக் குத்தினான். பேனரிலிருந்து நான் பிய்த்தெடுத்த அந்த ஓர் எழுத்து, பன்னிரண்டு நாள் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது. கத்திவிட்டேன்.

“விதைப்பையில கட்டி இருக்குக்கா!”

பின்னால் நின்ற குடும்பம் மொத்தமாகச் சுவரைப் பார்த்தது. அக்கா மட்டும், “அதை மொதல்லயே சொல்லுறதுக்கென்ன? பதினாறாம் நம்பர் ரூமு” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். இதற்குத்தான் மூன்றரை வாரம்.

டாக்டர் பார்த்தார். ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் எழுதினார். பந்து பட்டதைச் சொன்னேன். “பந்து கட்டியைக் கொண்டுவரல. இருந்த கட்டியை உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கு. அந்தப் பந்தைப் பத்திரமா வைங்க” என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

அதேதான்.

பிப்ரவரி 15, சனி

இடது பக்கத்தை எடுத்துவிட வேண்டும். புதன்கிழமை அறுவை சிகிச்சை. அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

“அம்மா, ஒரு சின்னக் கட்டி. எடுக்கணுமாம்.”

“எங்கல கட்டி?”

“இடுப்புக்குக் கீழ.”

“முட்டிலயா?”

“அதுக்கு மேல.”

“தொடைலயா? சரியாச் சொல்லுல.”

சரியாகச் சொன்னேன். கவுண்டரில் ஒரு தடவை சொல்லிவிட்டதால் இப்போது சுலபமாக வந்தது.

“இதச் சொல்லவா இத்தன நாளு? பத்து வயசு வரைக்கும் ஒன்னயக் குளிப்பாட்டுனவ நாந்தானல. எனக்குத் தெரியாத எடமா?” என்றாள். அப்புறம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அழும்போது அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று அவள் குழாயைத் திறந்துவிடுவாள். அப்பா இறந்த வாரத்தில் எங்கள் தொட்டி மூன்று தடவை காலியானது. நானும் அழுதேன். என் அறையில் குழாய் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அட்மிட் ஆகிவிட்டேன். டாக்டர் சுற்றி வரும்போது, விவசாயியின் கேள்வியையே கேட்டேன்: “மேடம், முளைப்புத் திறன் எப்படி இருக்கும்?”

“ஒண்ணு போதும். அநேகமா ஒரு குறையும் வராது. ஆனாலும் முன்னெச்சரிக்கையா விந்தணுவைச் சேமிச்சு வைக்கிறதைப் பத்திப் பேசினோமே, அதைச் செஞ்சாச்சுல்ல?” என்றார். ஆயிற்று. அந்த அனுபவத்தை உரக் கம்பெனி டைரியில்கூட எழுத முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

இருக்கிறேன். இன்று வலி இருக்கிறது. இவ்வளவு நிம்மதியான வலியை நான் பட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

முடிவு வந்துவிட்டது. வேறு எங்கும் பரவவில்லை. மருந்து இப்போதைக்கு வேண்டாம். சில வருடங்களுக்கு விடாமல் வந்து காட்ட வேண்டும். ஹாஜிரா அந்தத் தேதிகளை எல்லாம் என் போனிலும் அவள் போனிலும் ஏற்றிவிட்டாள். தப்பிக்க வழியே இல்லை. ராபின் ஒரு நாளைக்கு நாலு பொட்டலத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறான். ‘அரைத் திருந்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறான். அடுத்த தடவை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மறுத்தால் மிரட்ட, அவன் எழுதிய டைரி ஏதாவது சிக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் திருவேங்கடம் சார் விடுதிக்கே வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

“எந்தப் பகுதின்னு...” என்று இழுத்தார்.

“கீழ் பகுதி சார்.”

தலையாட்டினார். கையில் விழிப்புணர்வு நிகழ்ச்சியின் அறிக்கை இருந்தது, என் கையெழுத்துக்காக. ‘பயனடைந்தோர்: 600’ என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தார். அதை என்னிடம் நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ ‘ஆமா சார்’னு சொன்னப்ப நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்” என்றார்.

“நான் ‘இல்ல சார்’னு சொல்லியிருக்கணும்” என்றேன்.

ஆரஞ்சு ஒன்றை உரித்தார். யாரும் சாப்பிடவில்லை. “எனக்கு ஒரு பையன் இருக்கான்ப்பா. பிளஸ் டூ. பதினேழு வயசு. அவன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு மூணு வாரமா யோசிக்கிறேன். எப்படி ஆரம்பிக்கணும்?”

கிண்டல் செய்ய நாக்கு துறுதுறுத்தது. ‘மேல் பகுதி’யைச் சொல்லிக் காட்டலாம். ‘டீசன்டான உறுப்பு’களைச் சொல்லிக் காட்டலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

“விதைப்பைன்னே ஆரம்பிங்க சார்.”

“விதைப்பை” என்றார். முப்பது வருடம் விதையைப் பாடமாக நடத்தியவர், அந்தச் சொல்லை முதல் தடவையாகப் படிப்பவர்போல் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அறிக்கையில் 600ஐ அடித்தார். பக்கத்தில் 1 என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதையும் அடித்துவிட்டு 2 என்று எழுதி, கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்.

“வீட்டுக்குப் போனதும் பேசிடுறேன்” என்றார்.